தாழ்ந்த இம்பாலாவுக்கு வேலை செய்யும் சஸ்பென்ஷன்: 1/25 அளவில் நடக்கிற காரியமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 11

1/25 அளவு பிளாஸ்டிக் காரில் சஸ்பென்ஷன், அதாவது சக்கரம் ஏறி இறங்க இடம்கொடுக்கும் ஸ்பிரிங் அமைப்பு, என்பது கண்ணுக்குத்தான். காரைத் தாழ்த்த வேண்டுமென்றால் அச்சு உட்காரும் துளையைக் கொஞ்சம் மேலே தள்ளித் துளைத்து ஒட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். தாழ்ந்தும் இருக்க வேண்டும், அமுக்கினால் இறங்கி ஏறவும் வேண்டும் என்றால் இரண்டும் கெட்டுப்போகும். இரண்டும் சேர்ந்து வந்த காரை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா?

2024 பிப்ரவரி 11, இரவு

பார்த்ததில்லை. செய்து கொண்டிருக்கிறேன். மேசையில் நான்கு மாதமாகக் கிடக்கிறது.

1964 செவ்ரோலே இம்பாலா கார், ரெவெல் நிறுவனத்தின் ஒட்டிச் சேர்க்கும் கிட். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அசல் காரில் 119 அங்குலம். 25ஆல் வகுத்தால் 121 மி.மீ. அதற்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: பால்பாயின்ட் பேனாவைப் பிரித்து ஸ்பிரிங்கை எடுத்துப் பின் அச்சின் மேல் வைத்தேன். கார் கருங்கல் போல நின்றது. விரலால் அமுக்கினால் அச்சு வளைந்ததே தவிர ஸ்பிரிங் அசையவில்லை. ஆக, உங்கள் பக்கம் இப்போதைக்கு ஒரு புள்ளி.

ஆனால் "இரண்டும் கெட்டுப்போகும்" என்பதை ஏற்க மாட்டேன். இரண்டுக்கும் வேண்டியது ஒரே பண்டம்: சக்கரத்துக்கு மேலே இருக்கும் காலி இடம். தாழ்த்துவதும் அதைத்தான் தின்கிறது, அசைவும் அதைத்தான் கேட்கிறது. பங்கு பிரித்துக் கொடுத்தால் சண்டை தீரும் என்று நினைக்கிறேன்.

2024 பிப்ரவரி 14

அளந்தேன். கிட் தரும் உயரத்தில் டயர் உச்சிக்கும் மட்கார்டின் உட்கூரைக்கும் நடுவே 7 மி.மீ. எனக்குப் பிடித்த அளவுக்குத் தாழ்த்த 4 வேண்டும். மிச்சம் 3. அசல் காரில் அது 75 மி.மீ. அசைவு. மோசமில்லை.

மோசமானது வேறு. பாடியின் தடிமன் 1.6 மி.மீ. இதை 25ஆல் பெருக்கிப் பாருங்கள்: 40 மி.மீ. தகட்டில் செய்த கார்! டாங்கி கூடக் கொஞ்சம் வெட்கப்படும். அந்தத் தடிமன் முழுவதும் உள்பக்கமாகச் சக்கரத்தின் இடத்தைத்தான் அடைத்துக்கொண்டு நிற்கிறது. எனவே உள்ளிருந்து சுரண்ட வேண்டும். சிறிய உருளை அரம், பிறகு விரலில் சுற்றிய உப்புத்தாள். எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்க மேசை விளக்கில் காட்டிப் பார்ப்பேன். வெள்ளைப் பிளாஸ்டிக் முதலில் இருட்டாக இருக்கும். அரை மில்லிமீட்டருக்கு வந்ததும் காது மடலைச் சூரியனுக்கு எதிரே பார்ப்பது போலச் செம்மஞ்சளாக ஒளிரும். அங்கே நிறுத்த வேண்டும்.

முன் இடது மட்கார்டில் நிறுத்தவில்லை. ஓட்டை. புட்டிப் பசை வைத்து அடைத்தாகிவிட்டது. யாரும் கேட்காவிட்டால் நானும் சொல்லப் போவதில்லை. சொல்லிவிட்டேன்.

2024 பிப்ரவரி 15

பேனா ஸ்பிரிங் கடினமாக இருக்கிறதே என்று பாதியாக வெட்டினேன். பாதி ஸ்பிரிங் பாதி பலம்தானே என்று.

இரண்டு மடங்கு கடினமாகிவிட்டது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒவ்வொரு சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் நெகிழ்கிறது. சுற்றைக் குறைத்தால் நெகிழ ஆள் குறைகிறது. அசல் காரில் ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்துகிறவர்களின் முதுகு ஏன் வலிக்கிறது என்பது இன்றைக்குத்தான் விளங்கியது.

2024 பிப்ரவரி 18

சரி, கணக்குப் போட்டு வருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தேன்.

ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பியை இரண்டில் ஒரு பங்கு மெலிதாக்கினால் கடினம் பதினாறில் ஒரு பங்கு. சுருளின் அகலம் மூன்றாம் அடுக்கு, அகலமானால் மென்மை. சுற்றுகளின் எண்ணிக்கை நேர் வகுத்தல் மட்டும். நான் போய் வெட்டியது இந்த மூன்றில் மிகச் சோப்ளாங்கியான ஆளை, அதுவும் தப்பான திசையில்.

என் பேனா ஸ்பிரிங்: கம்பி 0.4 மி.மீ., சுருளின் சராசரி அகலம் 4 மி.மீ., பத்துச் சுற்று. ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறக்குறைய 40 கிராம் கேட்கிறது. என் கார் சக்கரத்துக்கு 20 கிராம்கூடத் தராது. அரை மில்லிமீட்டர் அமுங்கி உட்கார்ந்துவிடும், அது கண்ணுக்கே தெரியாது.

எனக்கு வேண்டியது மில்லிமீட்டருக்குப் பத்துக் கிராம் சுற்றுவட்டாரம். அதற்கு 0.2, 0.23 கம்பி. கடையில் அந்த அளவில் உருக்குக் கம்பி சில்லறையாகக் கிடைப்பது அபூர்வம். ஆனால் எலெக்ட்ரிக் கிதாரின் முதல் தந்தி, ஒன்பதாம் எண் செட்டில், 0.009 அங்குலம், 0.23 மி.மீ. வீட்டில் கிதார் இருக்கிறது. என்னுடையது இல்லை.

சுற்றும் விதம்: 2.8 மி.மீ. டிரில் பிட்டின் வழுவழுப்பான கழுத்தைக் கைத்துளைப்பானில் மாட்டிக்கொள்ளுங்கள். தந்தியின் நுனியைத் துளைப்பானின் வாயிலேயே கவ்வ விட்டு, இடது கட்டைவிரலால் அழுத்தி இழுத்துப் பிடித்தபடி மெதுவாகத் திருப்ப வேண்டும். இழுவிசை தளர்ந்தால் சுற்றுகள் தளதளவென்று ஆகிவிடும். முடித்துக் கையை எடுத்த கணத்தில் கம்பி "சிர்ர்" என்று தானாக அவிழ்ந்து அகன்றுகொள்ளும். அதற்காகத்தான் பிட்டைச் சின்னதாக எடுப்பது. எனக்கு வெளிவிட்டம் 3.7இல் நின்றது. சூடுகாட்டாதீர்கள், தந்தியின் உயிரே போய்விடும்.

ஏழு சுற்று. மில்லிமீட்டருக்கு ஒன்பதரைக் கிராம் என்கிறது கணக்கு. அஞ்சறைப்பெட்டிக் கரண்டியில் அரிசி போட்டு அளந்தால் பத்து. அரிசியை நம்புகிறேன்.

2024 பிப்ரவரி 19

மகள் கிதாரை எடுத்துவிட்டாள். விசாரணை நடக்கிறது.

2024 பிப்ரவரி 25

முன்பக்கத்துக்கு வருகிறேன். அதற்கு முன், "ஏன் இம்பாலா, வேறு கார் கிடைக்கவில்லையா" என்று கேட்டவருக்கு.

தாழ்ந்த கார் என்ற கலையே தெற்குக் கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் வளர்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய காரை வாங்கி, ஸ்பிரிங்கை அறுத்தோ டிக்கியில் மணல் மூட்டையைப் போட்டோ இறக்கி, மெதுவாக ஊர்வலம் விடுவார்கள். 1958இல் கலிபோர்னியா ஒரு விதி போட்டது: காரின் எந்தப் பாகமும் சக்கர விளிம்பின் அடிமட்டத்தை விடக் கீழே இருக்கக் கூடாது. வாகனச் சட்டம் 24008ஆம் பிரிவு. மறு ஆண்டே ரான் அகீரே என்பவர் தம் கொர்வெட் காரில் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும், பம்பும் வால்வும் பொருத்தி, பொத்தானைத் தட்டினால் ஏறி இறங்கும்படி செய்துவிட்டார். போலீஸ் வந்தால் ஏற்று, போனால் இறக்கு. ஆக, வேலை செய்யும் சஸ்பென்ஷன் என்பது தாழ்ந்த காருக்கு ஒட்டவைத்த ஆடம்பரம் இல்லை, அந்தக் கலை பிழைத்ததே அதனால்தான். துளையை மேலே தள்ளி ஒட்டும் கட்சிக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1958 முதல் 1964 வரை வந்த இம்பாலாவின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டகம், எக்ஸ் எழுத்து வடிவம். ஓரத்தில் நீளச் சட்டங்கள் கிடையாது. நடுவே குவிந்து நான்கு மூலைக்கும் விரிகிறது. இதனால் பாடியை இறக்கினாலும் ஓரத்தில் முட்ட எதுவும் இல்லை. பின்னாலும் சுருள் ஸ்பிரிங். 1965இல் சேஸிஸை மாற்றிவிட்டார்கள். மாடல் செய்கிறவனுக்கும் இதே வசதி: நடுத்தண்டு தடிமனாக இருப்பதால் துளைபோட இடம் இருக்கிறது.

அந்த 24008ஐ என் காருக்குப் போட்டுப் பார்த்தேன். தாழ்ந்த கார்ப் பிரியர்கள் விரும்பும் 155/80 ஆர் 13 டயரின் பக்கச்சுவர் 124 மி.மீ., என் அளவில் 5. அதாவது தரைக்கும் பாடிக்கும் நடுவே 5 மி.மீ. இருக்க வேண்டும். என்னுடையது இரண்டரை. குற்றவாளி. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள், ஆகவே ஏழு வாரமாக நிரபராதி.

முன்பக்கம் பற்றி எழுத வந்து கதை பேசிவிட்டேன். நாளை.

2024 பிப்ரவரி 26

அசலில் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஏ வடிவக் கைகள் பிடித்திருக்கின்றன. மேல்கை குட்டை, கீழ்க்கை நீளம். கிட்டில் இரண்டும் ஒரே வார்ப்பாக, அசையாத சிலையாக வரும். அறுத்துப் பிரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் 0.8 பித்தளைக் குழாய் ஒட்டி, உள்ளே 0.5 கம்பியைக் கீலாகச் செருகினேன். ஒரு பக்கத்துக்கு நான்கு மணி நேரம். மறுபக்கத்துக்கு ஆறு, ஏனென்றால் முதல் பக்கத்தின் கண்ணாடிப் பிம்பமாகச் செய்ய வேண்டியதை அப்படியே அதன் நகலாகச் செய்துவிட்டேன்.

குட்டைக் கை வேகமாக உள்ளே வளைவதால், கார் இறங்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது. தாழ்ந்த காரின் அந்த லேசான சாய்வு இலவசமாக வந்துவிட்டது. வரைபடத்தில் அழகாக இருந்தது, கையிலும் அழகாகவே வந்தது. ஏற்றினால் எதிர்ப்பக்கம், வெளியே சாயும் என்று எதிர்பார்க்கிறேன்.

2024 மார்ச் 2

தவறு. ஏற்றினாலும் உள்ளேதான் சாய்கிறது. கைகள் கிடையாக இருக்கும்போது சக்கரத்தலை வெளியே தள்ளியிருக்கும். மேலே போனாலும் கீழே போனாலும் குட்டைக் கை அதிகமாக உள்ளிழுக்கிறது. படம் போட்டுப் பார்த்தாலே தெரியும், நான் பாதிப் படம்தான் போட்டேன்.

அசல் இம்பாலாவை உயர ஏற்றுகிறவர்கள் மேல்கையை ஒரு அங்குலம் நீட்டிப் பற்றவைப்பார்கள். அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இதற்காகத்தான். எனக்கு அது 1 மி.மீ. துண்டு ஒன்றை நடுவில் ஒட்டினேன், சரியாகிவிட்டது. இறக்கும்போது சாய்வு கொஞ்சம் குறைந்துபோனது, அது வருத்தம்.

2024 மார்ச் 3

முன் ஸ்பிரிங்கை வைத்தேன். பின்னால் போட்ட அதே ஸ்பிரிங். காரை நிறுத்தியதும் மூக்கு குப்புற விழுந்து தரையில் முட்டிக்கொண்டது.

அரைநாள் திகைப்பு. பிறகுதான் உறைத்தது: பின்னால் ஸ்பிரிங் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முன்னால் அது கீழ்க்கையின் நடுவில். சக்கரம் 2 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 1 மி.மீ.தான் அமுங்குகிறது. அது தரும் விசையும் நெம்புகோல் வழியே சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது பாதியாகிறது. பாதியில் பாதி, கால். பத்துக் கிராம் ஸ்பிரிங் சக்கரத்தில் இரண்டரைக் கிராமாகிவிட்டது.

அப்படியானால் முன்னால் வேண்டியது மில்லிமீட்டருக்கு நாற்பதுக் கிராம் ஸ்பிரிங். அதாவது நான் மூன்று வாரம் முன்பு ஏசித் தூக்கியெறிந்த பேனா ஸ்பிரிங்! குப்பைக் கூடையில் தேடினேன், கிடைத்தது. ஆனால் உயரம் இடிக்கிறது: இருபது மில்லிமீட்டர் நீளத்தை ஏழு மில்லிமீட்டர் கூட்டில் அடைக்க வெட்ட வேண்டும், வெட்டினால் மும்மடங்கு கடினம். சுற்றிச் சுற்றி அதே வாசல்.

இரண்டாம் தந்தி 0.011 அங்குலம், 0.28 மி.மீ. ஐந்து சுற்று, சராசரி அகலம் 3.3. கணக்கில் முப்பத்துநான்கு கிராம், சக்கரத்தில் எட்டரை. போதும்.

2024 மார்ச் 3, சற்றுப் பின்

ஆமாம், இரண்டாம் தந்தியும்தான். புதிய செட் வாங்கித் தருவதாகச் சமாதானம் ஆகியிருக்கிறது.

2024 மார்ச் 9

பின் அச்சு. ஒரே தண்டு, நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூடு. முன்பின்னாக நகராமல் நீளக் கைகள் பிடிக்கின்றன. பக்கவாட்டில் நகராமல் பான்ஹார்ட் தண்டு, ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அச்சில். இதில் ஒரு வேடிக்கை. தண்டு வட்டத்தில்தானே சுழலும், அதனால் அச்சு ஏறி இறங்கும்போது கொஞ்சம் பக்கவாட்டிலும் போகிறது. என் தண்டு 30 மி.மீ.; கிடையிலிருந்து 3 மி.மீ. நகர்ந்தால் 0.15 பக்கம் போகும், யாருக்கும் தெரியாது. ஆனால் நான் தாழ்ந்த நிலையில் தண்டைக் கிடையாக வைத்திருந்தேன். காரைத் தூக்கினால் அச்சு 6 மி.மீ. தொங்குகிறது, அப்போது 0.6. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான் விட்டிருந்தது 0.5.

வலப்பக்க டயர் மட்கார்டு ஓரத்தைக் கவ்விக்கொண்டு கீழே வரமாட்டேன் என்றது. தண்டின் ஒரு முனையைக் கழற்றி, மொத்த அசைவின் நடு உயரத்தில் கிடையாக வரும்படி மாற்றினேன். இப்போது மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், கவ்வல் இல்லை.

இன்ஜின் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு பித்தளைக் குழாய். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

2024 மார்ச் 10

ஷாக் அப்சர்பர், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய். இதற்காக எனக்குப் பாராட்டு வேண்டும்.

ஊசி. ஆஸ்பத்திரி ஊசி. 18ஆம் எண்ணின் உள்விட்டம் 0.84, 21ஆம் எண்ணின் வெளிவிட்டம் 0.82. ஒன்றுக்குள் ஒன்று போட்டால் மயிரிழைக்கும் கீழான இடைவெளியில் வழுக்கும். துருப்பிடிக்காத உருக்கு, பளபளப்பு ஏற்கெனவே இருக்கிறது. மருந்துக் கடையில் "ரோஜா நிறத் தலை அஞ்சு, பச்சைத் தலை அஞ்சு, சிரிஞ்சு வேண்டாம்" என்றேன். கடைக்காரர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முழங்கையின் உட்புறத்தைப் பார்த்தார். பொம்மைக் காருக்கு என்றேன். அது நிலைமையை மேம்படுத்தியதாகத் தெரியவில்லை.

குறட்டால் வெட்டக் கூடாது. வாய் நசுங்கி அடைந்துவிடும். முக்கோண அரத்தின் விளிம்பால் சுற்றிலும் கீறி, இரண்டு பக்கமும் பிடித்து ஒடித்தால் "டிக்" என்று வரும். உள்விளிம்பில் நிற்கும் பிசிறைத் தையல் ஊசியால் சுழற்றி எடுக்க வேண்டும். முனையின் கூர்ப்பகுதியை முதலிலேயே ஒடித்துத் தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். இதைச் சொல்கிறவனின் கட்டைவிரலில் பிளாஸ்திரி இருக்கிறது.

உள்ளே துளி கிரீஸ். இழுத்தால் மெதுவாக, எதிர்ப்போடு நகர்கிறது. அசல் ஷாக் அப்சர்பரே தான்!

2024 மார்ச் 11

அம்பாசடரை இப்படித் தாழ்த்த முடியுமா என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்கிறார். தாழ்த்திய அம்பாசடரை நினைத்தாலே யாரோ ஒரு கலெக்டர் இறங்கி வந்து அறைவார் போலிருக்கிறது.

ஆனால் செய்வதற்கு அது இம்பாலாவை விடச் சுலபம். அம்பாசடரின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, முறுக்குத் தண்டு. காரின் நீளவாக்கில் ஒரு நேர்த்தண்டு. சக்கரம் ஏறினால் அது முறுகும், விட்டால் திரும்பும். மாடலில் சுற்றவே வேண்டாம், 0.5 உருக்குக் கம்பி 30 மி.மீ. நீளம், கை 12 மி.மீ. என்றால் கணக்கில் பதினோரு கிராம் வருகிறது. சேஸிஸ் ஓரமாக ஒளிந்தும் கொள்ளும். பின்னால் பட்டை ஸ்பிரிங். சவரப் பிளேடு 0.1 மி.மீ.தான், இரண்டரை அகலத்தில் கீற்றாக நறுக்கி ஐம்பது நீளத்தில் ஐந்தாறு அடுக்கினால் ஏறக்குறைய அதே கடினம். நான் செய்து பார்க்கவில்லை, கணக்கு மட்டும் சொல்கிறது. என் கணக்கின் யோக்கியதை மேலே வரிசையாக இருக்கிறது.

உத்தரபாராவில் 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றபோது இதைச் செய்ய வேண்டும் என்று நினைத்தது. பத்து வருடம் ஓடிவிட்டது.

2024 மார்ச் 17

எல்லாவற்றையும் பெயின்ட் அடித்துப் பூட்டினேன். அசையவில்லை.

அமுக்கினால் இறங்குகிறது, விட்டால் அங்கேயே நிற்கிறது. தூக்கினால் ஏறுகிறது, அங்கேயும் நிற்கிறது. எந்த உயரத்தில் வைத்தாலும் அந்த உயரத்தில் நிற்கும் கார். ஒரு விதத்தில் அகீரேயின் ஹைட்ராலிக்ஸ் மாதிரியே இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கேள்வி கேட்டவர் "நான் அப்போதே சொன்னேன்" என்று எழுதியிருக்கிறார். எழுதட்டும்.

2024 மார்ச் 20

பிரித்தேன். கீல் துளைகளில் பெயின்ட் புகுந்திருந்தது. அது சின்னக் குற்றவாளி. டிரில் பிட்டை விரலால் உருட்டித் துடைத்து, பென்சில் முனையைச் சீவி அந்தக் கரிப்பொடியைத் தேய்த்தேன், பாதி சரியாயிற்று. எண்ணெய் வேண்டாம், தூசியை அழைத்து வரும்.

பெரிய குற்றவாளி நான் பாராட்டுக் கேட்ட ஷாக் அப்சர்பர். கிரீஸின் பிசுக்கு, இருபது கிராம் சுமக்கும் ஸ்பிரிங்குக்குச் சேற்றில் நடப்பது போல. நான்கில் இரண்டைக் கழுவித் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டேன். மற்ற இரண்டும் உலர்ந்தே ஓடட்டும், பார்வைக்கு. எண்ணெய் வேண்டாம் என்று இப்போதுதான் சொன்னேன், தெரியும். இது மூடிய குழாய், தூசி போக வழியில்லை.

2024 மார்ச் 24

எடை. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

அசல் இம்பாலா ஏறக்குறைய 1,600 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் 25ஆல் குறைவதால் எடையை 15,625ஆல் வகுக்க வேண்டும். 102 கிராம். என் காரைத் தபால் தராசில் வைத்தேன்: 96. கிட்டத்தட்ட அளவுப்படியே இருக்கிறது, ஆச்சரியம்தான். ஆனால் பெயின்ட் பிசிறும் தூசியும் 25ஆல் வகுத்துக்கொண்டு வருவதில்லை. அவை முழு அளவில் வந்து குட்டிக் காரின் கழுத்தைப் பிடிக்கின்றன. அவற்றை மீறிக் காரை அதன் இடத்துக்கு இறக்க எடை வேண்டும்.

மீன்பிடிக் கடையில் ஈயக் குண்டு வாங்கிச் சுத்தியலால் தட்டித் தகடாக்கினேன். இன்ஜினுக்கு அடியில் கொஞ்சம், டிக்கியில் கொஞ்சம். 134 கிராமில் நிறுத்தினேன். டிக்கியில் ஈயத்தை ஒட்டிவிட்டு மூடியைச் சாத்தும்போதுதான் சிரிப்பு வந்தது: மணல் மூட்டை. ஹைட்ராலிக்ஸ் வருவதற்கு முன் லாஸ் ஏஞ்சலிஸ் பையன்கள் போட்ட அதே மூட்டையில் வந்து நிற்கிறேன், ஆறு வாரக் கணக்குக்குப் பிறகு.

சக்கரத்தையும் அச்சையும் கழித்தால் ஸ்பிரிங்குகள் சுமப்பது 114. மூலைக்கு இருபத்தெட்டரை. 3 மி.மீ. அமுங்கி உட்கார வேண்டும். பின்னால் 3, முன்னால் 3.2. உட்கார்ந்தது!

அமுக்கினேன், விட்டேன். திரும்பி வந்தது. நான்கு மூலையும்.

2024 மார்ச் 25

இல்லை, மூன்று மூலை. முன் இடது சோம்பேறி. புட்டி அடைத்த மட்கார்டு. உள்ளே புட்டி புடைத்திருக்கிறது, டயர் லேசாகத் தொடுகிறது. பிப்ரவரியில் செய்த பாவம்.

2024 ஏப்ரல் 6

மட்கார்டு சரியாயிற்று. கார் வேலை செய்கிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை, ஒரு வாரமாக ஏன் என்று தெரியாமல் முறைத்துக்கொண்டிருந்தேன்.

அசையும் விதம் கார் மாதிரி இல்லை. விட்டால் "டுர்ர்" என்று நடுங்கிவிட்டு நிற்கிறது, ஈரம் உதறும் எலி போல. தாழ்ந்த இம்பாலா என்றால் பெரிய மனிதர் நாற்காலியில் அமர்வது போல அமர வேண்டாமா? ஸ்பிரிங்கை இன்னும் மெலிதாக்கலாம் என்று கம்பியைத் தேடினேன். பிறகு கணக்கு கையைப் பிடித்தது.

ஸ்பிரிங்கில் நிற்கும் எதுவும் எத்தனை வேகமாக ஆடும் என்பது, தன் எடையில் அது எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை மட்டும் பொறுத்தது. 3 மி.மீ. அமுங்கினால் நொடிக்கு ஒன்பது ஆட்டம். அதை 25ஆல் பெருக்கி 75 மி.மீ. அமுங்கும் அசல் காரை எடுத்தால் நொடிக்கு 1.8. இடையே உள்ள விகிதம் ஐந்து, 25இன் வர்க்கமூலம். நான் ஸ்பிரிங்கை எவ்வளவு திறமையாகச் சுற்றினாலும் இந்த ஐந்து போகாது. பூமியின் ஈர்ப்பை 25ஆல் வகுக்க முடியவில்லையே, அதுதான் விஷயம். கேள்வி கேட்டவர் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் வாயடைத்துப் போயிருப்பேன்.

சினிமாவில் பொம்மைக் கப்பலைக் கவிழ்ப்பவர்களுக்கு இது பழைய பாடம்: அளவின் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை மடங்கு வேகமாகப் படம்பிடித்து, சாதாரண வேகத்தில் ஓட்டுவார்கள். செல்பேசியில் நொடிக்கு 120 படம் எடுக்கும் வசதி இருக்கிறது. 24இல் ஓட்டினால் சரியாக ஐந்து மடங்கு.

சாப்பாட்டு மேசையில் கருப்புச் சாலைக்கு உப்புத்தாளை விரித்து, கேமராவைக் கார் உயரத்துக்கு இறக்கி, ஒரு விரலால் பானட்டை அமுக்கி விட்டேன். விரலைப் படத்தில் வெட்டிவிட்டேன். மூக்கு எழுகிறது, ஒரு கணம் தாமதிக்கிறது, அமர்கிறது, மறுபடி பாதி எழுந்து அடங்குகிறது. வெட்டிய ஸ்பிரிங் போட்ட காரின் அந்தச் சற்றே விறைப்பான அமர்வு. ஒலி இல்லாமல் இருபது தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது நிஜக் கார் வீடியோ, நீங்கள் செய்தது எங்கே அப்பா?" என்றாள்.

2024 ஏப்ரல் 7

கேள்வி கேட்டவர் படத்தைப் பார்த்துவிட்டு, "வேகத்தைக் குறைத்துக் காட்டுவது ஏமாற்று" என்கிறார். இருக்கலாம். துளையை மேலே தள்ளி ஒட்டுவது எந்த வகை என்று அவரே சொல்லட்டும்.

2024 ஏப்ரல் 20

அவரே தனியாக ஸ்பிரிங் அளவு கேட்டிருக்கிறார். எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பின்னால் முதல் தந்தி, 0.23, ஏழு சுற்று, வெளிவிட்டம் 3.7. முன்னால் இரண்டாம் தந்தி, 0.28, ஐந்து சுற்று, கீழ்க்கையின் நடுவில். மேல்கைக்கு 1 மி.மீ. நீட்டல். பான்ஹார்ட் தண்டு நடு உயரத்தில் கிடை. ஷாக் அப்சர்பரில் கிரீஸ் வேண்டாம். காருடைய எடை 130க்குக் குறையாமல். குறைந்தால் டிக்கி இருக்கிறது. பெயின்ட் அடிக்கும் முன் கீல் துளைகளில் பல்குத்தும் குச்சியைச் செருகிவிடுங்கள், நான் செருகவில்லை.

தந்தி வாங்கும்போது இரண்டு செட் வாங்குங்கள். ஒன்று கிதாருக்கு.